முழு டிக்கெட்

புள்ளை எட்டாவது படிக்குதுங்களான்னு கேட்டீங்க பாருங்க, அதுல உங்க தப்பு ஒண்ணுமில்லைங்க. எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க. சிங்காநல்லூர்ல ஏறும்போது ரெண்டு முழு, ஒரு அரைன்னு சொன்னேன். அரை யாருக்குன்னு கண்டக்டர் திரும்பித் திரும்பிப் பாத்தார். எனக்கு அந்தப் பார்வை பழகிப்போச்சுங்க. பொறந்த தேதி சர்டிபிகேட் ஜெராக்ஸ் எப்பவும் சட்டைப் பையில வெச்சிருப்பேன். இன்னைக்கு அதை எடுக்கல. மூணும் முழுசாவே போடுங்கன்னு சொல்லிட்டேன். அதைக் காட்டி, அவர் அதைப் படிச்சுட்டு மறுபடியும் புள்ளைய மேலயும் கீழயும் பாத்து... எதுக்குங்க.

நாலாவது படிக்கறாளுங்க. போன மாசம்தான் ஒம்பது முடிஞ்சுது.

டிரைவருக்குப் பின்னாடி ரெண்டாவது வரிசையில, சன்னல் பக்கம் இருக்கறது அவ. சஷ்மிதான்னு பேரு. வீட்ல பாப்பான்னுதான் கூப்பிடறது. பக்கத்துல இருக்கறது என்ற சம்சாரம், பூங்கொடி. நீங்க கரூர் போறீங்களா? அப்பச் சரி. நாங்க காங்கயத்துல எறங்கிருவோம். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லைங்க. எங்க ஊர்க்காரரா இருந்தா சொல்லியிருக்கவே மாட்டேன். ஒரு ஆம்பள இதையெல்லாம் பேசறானேன்னு நெனப்பாங்க. உங்கள நான் இனிமே பாக்கப் போறதில்லை. அதனால சொல்றேன்.

கோயமுத்தூர்ல டாக்டரப் பாத்துட்டு வர்றமுங்க. ஹார்மோன் டாக்டர். இன்னைக்கு ஊசி போட்டாங்க. மொத ஊசி.

நான் ஸ்கூல் வேன் ஓட்டறேங்க. பதினோரு வருசமா ஒரே ஸ்கூல். என்ற கையில இதுவரைக்கும் ஒரு குழந்தைக்கும் ஒரு சிராய்ப்பு வந்ததில்லை. அதை நீங்க யாரு கிட்ட வேணாலும் கேட்டுப் பாருங்க. ஊர்ப் புள்ளைங்களையெல்லாம் பத்திரமாக் கொண்டுபோய் விடறவனுக்கு வந்து வாய்ச்சுது பாருங்க.

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருசம் கழிச்சுப் பொறந்தவ அவ. எட்டாம் மாசத்துலயே பொறந்துட்டா. ஒண்ணே முக்கால் கிலோ. இருவது நாள் கண்ணாடிப் பொட்டிக்குள்ள இருந்தா. நான் வெளிய நின்னு பாப்பேன். ஒரு கை அளவுதான் இருந்தா, தொடை ரெண்டும் என்ற வெரல் மாதிரி. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகும்போது அங்க இருந்த நர்ஸம்மா சொல்லிச்சு, எடை ஏத்துங்க, எடை ஏறுனா எல்லாம் சரியாயிரும்னு. அந்த வார்த்தைய நான் கெட்டியாப் புடிச்சுட்டனுங்க. அது தப்பா? எடை ஏத்துன்னாங்க, ஏத்தினோம்.

ஒரு வயசுல கன்னம் வெச்சுது. ரெண்டு வயசுல தூக்கறவங்கெல்லாம் மூச்சு வாங்குனாங்க. எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுங்களா. கண்ணாடிப் பொட்டிக்குள்ள இருந்த புள்ளைங்க அது.

அப்பறம் கொரோனா வந்துச்சு. ஸ்கூல் மூடிட்டாங்க, வேன் நின்னுபோச்சு. நான் ஒரு ஏஜென்சியில சேந்து, சிப்ஸு, பிஸ்கெட்டு, கூல்டிரிங்ஸுன்னு கடை கடையாப் போட்டுட்டு வந்தேன். ஓரம் கிழிஞ்ச பாக்கெட்டெல்லாம் கடைக்காரங்க திருப்பிக் குடுத்துருவாங்க. ஏஜென்சிக்காரர் நல்ல மனுசன், வீட்டுக்குக் கொண்டுபோ நல்லசிவம்னுருவார். புள்ளை நாள் பூரா வீட்டுக்குள்ள. வெளிய விட முடியாது. செல்போனப் பாத்துட்டே ஒக்காந்திருக்கும். நான் வண்டிய நிறுத்தற சத்தம் கேட்டா ஓடியாரும். பைக்குள்ள கைய விட்டு ஒண்ணொண்ணா எடுத்து வரிசையா அடுக்கும். அந்தச் சமயத்துல வேற என்னங்க குடுக்க முடிஞ்சுது புள்ளைக்கு?

நான் ஒண்ணும் அளவுக்கு மீறிக் குடுத்தவன் இல்லைங்க. அதைச் சொல்லிக்கறேன். ஸ்கூல் தொறந்ததுக்கு அப்பறம் பாக்கெட்டெல்லாம் நின்னுபோச்சு. சாயங்காலம் பொழுதோட மட்டும்தான். கடைசிப் புள்ளைய எறக்கி விட்டதுக்கப்பறம் வேன்ல நாங்க ரெண்டு பேருதான். அவ முன்னாடி என்ற பக்கத்துல ஒக்காந்திருப்பா. பஸ் ஸ்டாண்டுக்கிட்ட ஒரு பேக்கரி. ஒரு முட்டை பப்ஸு, ஒரு ரோஸ் மில்க். சில நாள் தேங்காய் பன்னு. அவ்வளவுதான். அது சாப்பாட்டுல சேருமா? வாய்க்கு ருசியா ஏதோ. திங்கத் திங்க அன்னைக்கு ஸ்கூல்ல நடந்ததெல்லாம் சொல்லுவா. எந்த மிஸ் எந்தக் கலர் சேலை, யாரு யாருகூட டூ விட்டாங்க, எல்லாம். அரை மணி நேரம். எனக்கு நாள் பூரா அந்த அரை மணி நேரம்தாங்க.

ஸ்கூல்ல ஒருக்கா எல்லாப் புள்ளைங்களுக்கும் எடை பாத்தாங்க. ரெண்டாவது படிக்கறப்ப. நாப்பத்தொரு கிலோ, டாக்டர்கிட்டக் காட்டவும்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்தனுப்பியிருந்தாங்க. எனக்குக் கோவம் வந்திருச்சு. ஒண்ணே முக்கால் கிலோவுல இருந்து கொண்டுவந்த புள்ளைய, கண்ணு வெக்கறாங்கன்னு தோணுச்சு. கிழிச்சுப் போட்டுட்டேன். பூங்கொடி கேட்டதுக்கு, ஒண்ணுமில்லை, பீஸ் சீட்டுன்னு சொல்லிட்டேன். அவள எதுக்கு வெசனப்படுத்தணும்னுதான்.

அந்த வருசத் தீபாவளிக்குப் புள்ளைக்கு எண்ணெய் தேச்சுத் தண்ணி ஊத்திட்டு வந்த பூங்கொடி, என்னைத் தனியாக் கூப்பிட்டா. நெஞ்சுல ரெண்டு பக்கமும் காய் மாதிரி இருக்குதுங்க, தொட்டா வலிக்குதுங்கறா, யாராச்சும் லேடி டாக்டர்கிட்டக் காட்டிரலாமான்னு கேட்டா. எனக்கு என்னவோ மாதிரி ஆயிருச்சு. ஏழரை வயசுப் புள்ளையப் பத்திப் பேசற பேச்சா அது? குண்டா இருக்கற புள்ளை, அங்கயும் சதை இருக்கத்தான் செய்யும், நீ கண்டதையும் கற்பனை பண்ணிட்டு இருக்காதேன்னு சொன்னேன். அவ அப்பறம் ஒருக்காவோ ரெண்டு தடவையோ அந்தப் பேச்ச எடுத்தா. நான் எந்திரிச்சு வெளிய போயிட்டேன். அதோட விட்டுட்டா. அவளுக்கும் அது அவ்வளவு பெருசாத் தோணலை போலிருக்கு. தோணியிருந்தா விட்டிருக்க மாட்டா இல்லைங்களா?

பல்லடம் வந்துருச்சா? இல்லை, இது காரணம்பேட்டைங்க. இன்னும் இருக்குது.

போன தை மாசம்ங்க. பொங்கல் லீவு முடிஞ்சு ரெண்டு நாள் ஆயிருக்கும். காலையில ட்ரிப்பு. வேன் நெறையக் குழந்தைங்க. இவ என்ற பக்கத்துல ஒக்காந்திருக்கா. வழக்கமாப் பேசிட்டே வருவா, அன்னைக்குச் சத்தமே இல்லை. ரெண்டு காலையும் சேத்து வெச்சுக்கிட்டு, ஸ்கூல் பைய மடியில அமுக்கிப் புடிச்சிருந்தா. என்ன சாமின்னு கேட்டேன். மெதுவா என்ற காதுகிட்ட வந்து சொல்றா:

"அப்பா, எனக்கு எங்கயோ அடிபட்டிருக்கு. ரத்தம் வருது. எங்கன்னு தெரியல."

நான் பாத்தனுங்க. சீட்டுல இருந்துச்சு. கதவு இடுக்குல தொடைய நசுக்கிக்கிட்டாளோன்னுதான் நெனச்சேன், சத்தியமாங்க. எட்டு வயசு ஏழு மாசம். வேற என்ன நெனப்பு வரும்? பின்னாடி பதினெட்டுக் குழந்தைங்க கத்திட்டு இருக்குது. வண்டிய நிறுத்தவும் முடியல. போய்ச் சேந்து எல்லாத்தையும் எறக்கி விட்டுட்டு, இவள மட்டும் எறங்காதேன்னு சொல்லிட்டு, பூங்கொடிக்குப் போன் பண்ணேன். அவ எண்ணெய் மில்லுல பேக்கிங் வேலைங்க. அடி எங்கன்னு தெரியலைங்கறா, ரத்தம் மட்டும் வருதுன்னு சொன்னேன். தொடாதீங்க, நான் வர்றேன்னா.

அவ வர்ற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் வேன்லயே ஒக்காந்திருந்தமுங்க. மணி அடிச்சு, பிரேயர் பாட்டு கேட்டுச்சு. பாப்பா சன்னல் வழியாப் பாத்துட்டு இருந்தா. வலிக்குதான்னு கேட்டேன். இல்லைன்னு தலையாட்டுனா. அப்பறம் சொன்னா:

"அப்பா, நான் கிளாஸுக்குப் போயிட்டு, சாயங்காலம் டாக்டர்கிட்டப் போலாமா? இன்னைக்கு லீவு போட்டா எனக்கு அட்டெண்டன்ஸ் ஸ்டார் போயிரும்."

அந்த வருசம் ஒரு நாள் கூட லீவு போடாதவ. சார்ட்டுல அவ பேருக்கு நேரா வரிசையா ஸ்டார் ஒட்டியிருக்கும்னு சொல்லுவா. ஸ்டார நான் வாங்கித் தர்றேன் சாமின்னு சொன்னேன். கடையில வாங்குனா அது ஸ்டார் இல்லைப்பான்னா.

பூங்கொடி வந்து பாத்தா. என்னை ஒரு பார்வை பாத்தா. அவளத் துணியச் சுத்திக் கூட்டிட்டுப் போயிட்டா. நான் சீட்டக் கழுவுனேன். கழுவிட்டே இருந்தேன்.

இதோட விட்டிருந்தாலும் பரவாயில்லைன்னு இப்பத் தோணுது. அன்னைக்குத் தோணலை. எங்க அக்கா தங்கமணிக்கு எப்படியோ சேதி போயிருச்சு, மத்தியானமே வெள்ளகோயில்ல இருந்து வந்து எறங்கிட்டா. வீட்டு மூலையில பாய், தனித் தட்டு, தனி டம்ளர். பாப்பா அது ஏதோ வெளையாட்டுன்னு மொத நாள் ஒக்காந்தா. ரெண்டாவது நாள் டிவி பக்கத்துல வரட்டுமான்னு கேட்டா. மூணாவது நாள் ஒண்ணும் கேக்கல.

தெரட்டி வெக்கணும், வயசுக்கு வந்த சடங்க ஊரக் கூப்பிட்டுப் பண்ணணும்னு அக்கா சொன்னா. பூங்கொடி வேண்டவே வேண்டாம்னா. என்ற எதுக்கவே நின்னுட்டு சொன்னா, "அவளுக்கு எட்டு வயசுங்க. இதை எதுக்கு ஊருக்குச் சொல்லணும்?" அவ அப்படி நின்னு பேசி நான் பாத்ததில்லை. ஆனா நீங்களே சொல்லுங்க, மூடி மறைச்சா நாளைக்கு என்ன பேசுவாங்க? புள்ளைக்கு என்னமோ கோளாறும்பாங்க. முறையாப் பண்ணிட்டா மரியாதை. நானும் எல்லார் வீட்டு விசேசத்துக்கும் போய் நின்னவன். ஒரே புள்ளை. அவளுக்கு ஒரு கொறையும் வெக்கக் கூடாதுன்னுதான் நெனச்சேன். பூங்கொடியோட அண்ணன் வந்தார், தாய்மாமன் கடமைக்குத் தென்னங்கீத்துல குடிசை கட்டிக் குடுத்தார்.

பதினாறு நாளும் உளுந்தங்களி. கருப்பட்டியும் நல்லெண்ணெயும் கையில வழிய வழிய ஊட்டுவா அக்கா. காலையில ரெண்டு நாட்டுக்கோழி முட்டை. இடுப்புக்குப் பலம்னு. அக்கா அன்பாத்தாங்க செஞ்சா, அவள ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

மண்டபம் புடிச்சோம். பட்டுச்சேலை கட்டி, சவுரி வெச்சு, நகையெல்லாம் பூட்டி ஒக்கார வெச்சதும், சத்தியமாச் சொல்றேன், என்ற புள்ளைன்னு எனக்கே தெரியலைங்க. கல்யாணப் பொண்ணு மாதிரி இருந்தா. வந்தவங்க எல்லாரும் அதேதான் சொன்னாங்க. ஒருத்தர் சிரிச்சுட்டே, இன்னும் பத்து வருசம் காத்திருக்கணுமேன்னார். நானும் சிரிச்சேன். என்ன பண்ணறது. வேன்ல வர்ற குழந்தைங்க நாலஞ்சு பேர அவங்கம்மா அப்பா கூட்டிட்டு வந்திருந்தாங்க. இவ மேடையில இருந்து அவங்களப் பாத்துக் கைய ஆட்டுனா. அவங்க ஆட்டல. அவங்கம்மா பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டாங்க. கிளாஸ்ல பக்கத்துல ஒக்கார்ற புள்ளையே அப்படிப் பண்ணுச்சு. சேலையில பாத்ததும் அடையாளம் தெரியலையோ என்னவோ.

எங்க வேன் டிரைவர் பசங்க எல்லாரும் சேந்து பெரிய பிளெக்ஸ் வெச்சாங்க, எங்க வீதி மொனையில. கிரீடமெல்லாம் வெச்சு, ரோஜாப்பூ எல்லாம் போட்டு, பாப்பா படம் ஆள் ஒசரத்துக்கு. விசேசம் முடிஞ்சும் ஒரு மாசம் இருந்துச்சு. என்ற வேன் தெனமும் அந்த மொனையிலதான் திரும்பணும். குழந்தைங்க எல்லாரும் எட்டிப் பாத்துச் சத்தமாப் படிப்பாங்க, அவ பேரு, எங்க பேரு, பூப்புனித நீராட்டு விழான்னு எழுத்துக்கூட்டிப் படிப்பாங்க. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. இவ மட்டும் அந்த எடம் வரும்போது குனிஞ்சு பைக்குள்ள எதையாவது தேடிட்டு இருப்பா.

பெரிய புள்ளை ஆயிட்டா, இனிமே முன்னாடி ஒக்கார வெச்சு ஊருக்குள்ள சுத்தாதேன்னு அக்கா சொல்லிட்டுப் போனா. அதுவும் நாயந்தானுங்களே. கடைசி சீட்டுல ஒம்பதாவது, பத்தாவது பொண்ணுங்க ஒக்காரும். அவங்ககூட ஒக்காரச் சொல்லிட்டேன். ஏம்ப்பான்னு கேட்டா. நீ பெரிய புள்ளை இல்லையான்னேன். பேக்கரியையும் நிறுத்திட்டேன். வயசு வந்த புள்ளைய ரோட்டுமேல நிக்க வெச்சுத் திங்க வெக்கறது நல்லாவா இருக்குது? பொழுதோட கடைசிப் புள்ளை எறங்குனதும் நேரா வீடு. அவ பின்னாடி, நான் முன்னாடி. அவ்வளவு நீட்டு வேன்ல சத்தமே இருக்காது.

முன்னெல்லாம் நான் வந்து படுத்தா, வந்து வயித்து மேல தலைய வெச்சுப் படுத்துக்குவா. அதுக்கப்பறம் ஒருக்கா அப்படி வந்தா. நான் எந்திரிச்சுச் சேர்ல போய் ஒக்காந்துட்டேன். அவளும் அப்பறம் வர்றதில்லை. புரிஞ்சுக்கிட்டா. புத்திசாலிங்க அவ. நான் ஒரு அப்பனா எப்படி நடந்துக்கணுமோ அப்படித்தான் நடந்துக்கிட்டேன். ஒரு சொல்லு கடிஞ்சு பேசலை.

ஸ்கூல்ல பசங்க ஆன்ட்டின்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு எப்படித் தெரியும்னா, வேன்லயே கூப்பிடுவாங்க. ஆன்ட்டி, தள்ளி ஒக்காருங்க. ஆன்ட்டி, உங்களுக்கு எத்தனை குழந்தைன்னு. கண்ணாடியில பாப்பேன். அஞ்சாவது படிக்கற பசங்க. சின்ன வயசுல இருந்து நான் தூக்கி ஏத்தி விட்ட பசங்க. இவ சன்னலப் பாத்துட்டு ஒக்காந்திருப்பா. என்ன பண்ணச் சொல்றீங்க? ஒரு நாள் வண்டிய ஓரங்கட்டி, டேய்னு ஒரு சத்தம் போட்டேன். அன்னைக்குச் சாயங்காலமே ஒருத்தனோட அம்மா ஸ்கூலுக்குப் போன் பண்ணி, டிரைவர் குழந்தைய மெரட்டறார்னு சொல்லிட்டாங்க. ஆபீஸ்ல கூப்பிட்டு, இன்னொரு தடவை கம்ப்ளெயின்ட் வந்தா வேற ஆளப் பாத்துக்குவோம்னாங்க. பதினோரு வருசம்ங்க. அதுக்கப்பறம் அவங்க ஆரம்பிச்சா நான் பாட்டுச் சத்தத்தக் கூட்டி வெச்சிருவேன். அவளுக்குக் கேக்காம இருக்கட்டும்னுதான். கடைசி சீட்டுக்குப் பாட்டு அவ்வளவாக் கேக்காதுங்கறது எனக்குத் தெரியும். இருந்தாலும் என்ன பண்ணறது.

ஜெனிபர் மிஸ்னு அவ கிளாஸ் மிஸ். அந்தம்மாதான் பூங்கொடிய வரச்சொல்லி பேசியிருக்காங்க. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் பாத்ரூம் போறதே இல்லைன்னு. அந்த நாள்ல நாப்கின் மாத்தவும் மாட்டேங்கறா. சின்னப் புள்ளைங்க பாத்ரூம்ல குப்பைக்கூடை கிடையாது. பேப்பர்ல சுத்தி டிபன் பைக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்ததை வேற ஒரு புள்ளை பாத்துட்டு எல்லாருக்கும் காட்டியிருக்குது. அதுக்கப்பறம் அவ சாப்பிடற எடத்துல யாரும் ஒக்கார்றதில்லையாம். நாலு மாசமா. எனக்குத் தெரியாதுங்க. தெனமும் நான்தான் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வர்றேன், எனக்குத் தெரியாது.

அந்த மிஸ்தான் டாக்டர் பேரும் எழுதிக் குடுத்தாங்க. பூங்கொடி வீட்டுக்கு வந்து, வர்ற சனிக்கெழமை போறோம்னா. போலாமான்னு கேக்கல. போறோம்னா.

மொத தடவை போனப்பப் பாத்தா, டாக்டர் ஒரு அம்மா. எங்க வயசுதான் இருக்கும். எடது கைய எக்ஸ்ரே எடுத்தாங்க. ரத்தம் எடுத்தாங்க, தலைய ஸ்கேன் எடுத்தாங்க. தலையில ஒண்ணும் இல்லை, நல்லவேளை. எலும்பு வயசுன்னு ஒண்ணு இருக்குதாமுங்க. அவளுக்குப் பன்னெண்டுன்னாங்க. பொறந்தது ஒம்பது வருசம் முன்னாடி, எலும்பு பன்னெண்டு. நான் எடுத்த எடுப்புலயே கேட்டுட்டேன், பிராய்லர் கோழிதானுங்களே காரணம்? அந்தம்மா, எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்கன்னாங்க. பேப்பர்ல ஒரு படம் போட்டாங்க. ஒடம்புல கொழுப்பு ஒரு அளவுக்கு மேல சேந்தா, அது சும்மா இருக்கறதில்லையாம். அதுவும் மூளைக்குச் சேதி அனுப்புமாம், ஒடம்பு தயாராயிருச்சுன்னு. மூளை அதை நம்பிருமாம். ஒல்லியா இருக்கற புள்ளைங்களுக்கும் இப்படி வர்றதுண்டு, எடை மட்டுமேன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா இவ விசயத்துல எடைக்குப் பெரிய பங்கு இருக்குன்னாங்க. பொறந்தப்ப எடை கம்மியா இருந்து, அப்பறம் வேகமா ஏத்தின புள்ளைங்களுக்கு இன்னும் சீக்கிரமா வர வாய்ப்பு இருக்குதாம்.

வேகமா ஏத்துனது நாங்கதானுங்க. ஏத்தச் சொன்னாங்க, ஏத்தினோம்.

இப்ப ஒசரமாத் தெரியறா இல்லைங்களா? கிளாஸ்லயே ஒசரம். ஆனா எலும்பு சீக்கிரமா மூடி, வளத்தி நின்னுருமாம். அஞ்சடி தாண்டறதே கஷ்டம்னாங்க. பூங்கொடி கேட்டா, ஒரு வருசம் முன்னாடி வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்கன்னு. நெஞ்சு வளர ஆரம்பிக்கும்போதே வந்திருந்தா, ஊசி போட்டு அப்பவே நிறுத்தி வெச்சிருக்கலாம், மாசமாசம் வர்ற இதே வந்திருக்காதுன்னாங்க. இப்பவும் போடலாம். வர்றது நிக்கும், அவளுக்கு ரெண்டு வருசம் மூச்சு விட நேரம் கெடைக்கும். ஒசரம் எவ்வளவு கூடும்னு வாக்குக் குடுக்க முடியாதுன்னுட்டாங்க.

அப்பறம் பேனாவை எடுத்துட்டு, அந்த மாற்றத்த நீங்க மொதல்ல எப்பக் கவனிச்சீங்கன்னு கேட்டாங்க. எழுதிக்கறதுக்கு. நான் பூங்கொடியப் பாத்தேன். அவ மேசையையே பாத்துட்டு இருந்தா. அப்பறம் சொன்னா:

"கவனிக்கலைங்க டாக்டர். நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்."

டாக்டர் அதை அப்படியே எழுதிக்கிட்டாங்க. நீங்க அம்மா இல்லையா, குளிக்க ஊத்தும்போது பாக்கலையான்னு ஒரு வார்த்தை கேக்கவும் கேட்டாங்க. பூங்கொடி தலையக் குனிஞ்சுக்கிட்டா. எனக்கு ஒண்ணும் புரியலைங்க. தீபாவளி அன்னைக்கு என்கிட்ட வந்து சொன்னவ அவதான். அவளுக்கு மறந்துபோச்சு போலிருக்கு. நானும் அங்க ஞாபகப்படுத்தலை. டாக்டர் முன்னாடி எதுக்கு அவளச் சங்கடப்படுத்தறதுன்னு விட்டுட்டேன்.

வீட்ல எல்லாரும் சாப்பாட்ட மாத்தணும்னாங்க, புள்ளைக்கு மட்டும் தனியாப் பண்ணக் கூடாதாம். குண்டுன்னு ஒரு சொல்லு அவ காதுல விழக்கூடாதாம். அப்பா தெனமும் அவளக் கூட்டிட்டு நடக்கப் போகணும்னாங்க. என்னைப் பாத்துச் சொன்னாங்க. சரிங்கன்னேன். போய்ட்டுத்தான் இருக்கேன், ரெண்டு வாரமா. நான் முன்னாடி போவேன், அவ பின்னாடி வருவா. வேகமா நடந்தா எடை கொறையும்ல, அதனால நான் கொஞ்சம் வேகமாவே போவேன். திரும்பிப் பாத்தா ரொம்பத் தூரத்துல வந்துட்டிருப்பா.

இன்னைக்கு ஊசி போடும்போது அழவே இல்லைங்க. நர்ஸம்மா சமத்துப் பாப்பான்னு சொல்லி கன்னத்துல தட்டுனாங்க. டாக்டரும் போகும்போது அவ தலைய வருடிட்டு, நீ இன்னும் சின்னப் பொண்ணுதான், நல்லா வெளையாடணும் என்னன்னாங்க. அதைக் கேட்டுட்டு அவ மொகம் மலந்ததை நீங்க பாத்திருக்கணும். பஸ் ஸ்டாண்டு வந்து சேந்தோம். பூங்கொடி பாத்ரூம் பக்கம் போயிருந்தா. நாங்க ரெண்டு பேரு மட்டும் நின்னுட்டு இருந்தோம். அப்பக் கேக்கறா:

"அப்பா, ஊசி போட்டாச்சில்ல. இப்ப நான் மறுபடியும் சின்னப் புள்ளைதான?"

ஆமா சாமின்னேன். வேற என்ன சொல்றது? சொன்ன ஒடனே வந்து என்ற கையப் புடிச்சுட்டா. சும்மா இல்லை, ரெண்டு கையாலயும் சேத்துப் புடிச்சு, மொகத்த என்ற தோள் மேல சாச்சுக்கிட்டா. தோள் வரைக்கும் இருக்கறா இல்லைங்களா. சுத்தி எத்தனை ஜனம். ரெண்டு பேரு திரும்பிப் பாத்தாங்க. அவங்களுக்கு எப்படித் தெரியும், ஒம்பது வயசுன்னு? என்னன்னு நெனப்பாங்க? நான் மெதுவாக் கைய உருவிட்டு, இரு சாமி, தண்ணி பாட்டில் வாங்கிட்டு வந்தர்றேன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் போயிட்டேன். கடையில கூட்டம் கூட இல்லைங்க. ஆனாலும் கொஞ்ச நேரம் அங்கயே நின்னுட்டிருந்தேன்.

வந்து பாத்தா அம்மாவும் புள்ளையும் பஸ் ஏறி ஒக்காந்துட்டாங்க. முன்னாடி அவங்க பக்கத்துல ஒரு சீட்டு இருந்துச்சு, பூங்கொடி பைய வெச்சுப் புடிச்சிருந்தா. பரவாயில்லை, பின்னாடி காத்து வரும்னு சொல்லிட்டு இங்க வந்துட்டேன். அப்ப இருந்து அவ திரும்பிப் பாக்கலைங்க. தூங்கறா போலிருக்கு.

தண்ணி பாட்டில் என்ற கையிலயே இருக்குது பாருங்க. குடுக்க மறந்துட்டேன். ஊசி போட்ட அன்னைக்கு நெறையத் தண்ணி குடிக்கணும்னாங்க. நான் போய்க் குடுக்கலாம், நடுவுல ஆளு நிக்குது. ஏனுங்க, நீங்க முன்னாடி இருக்கறவர்கிட்டக் குடுத்து, அப்படியே கை மாத்தி விடச் சொல்றீங்களா? குழந்தைக்குன்னு சொன்னா யாருக்குன்னு அவங்களுக்குத் தெரியாதுங்க. பச்சைத் துப்பட்டான்னு சொல்லுங்க.